சிறையிலிருந்து எழுதும் மனு எடுத்த எடுப்பிலேயே தள்ளுபடி ஆகாமலிருக்க: பாலக்காட்டு எல்லைப் பகுதியின் புதிய சட்டத் தன்னார்வலர்களுக்கு

பொள்ளாச்சிப் பக்கத்து லாரி ஓட்டுநர் ஒருவர் சிறையிலிருந்து எழுதிய மனுவின் நகல் ஒன்றை இன்றும் என் கோப்பில் வைத்திருக்கிறேன். கோடு போட்ட நோட்டுத் தாளில் பதினொரு பக்கம். முதல் எட்டுப் பக்கங்களில் தம்மைப் பிடித்த காவலர், ரிமாண்ட் செய்த மாஜிஸ்திரேட், தமக்காக வாதாடிய வக்கீல், நிலத்தை எழுதி வாங்கிக்கொண்ட மைத்துனர் என எல்லோரும் சேர்ந்து தமக்கு எதிராகச் சதி செய்தார்கள் என்று எழுதி, நட்ட ஈடாக ஒரு கோடி ரூபாய் கேட்டிருந்தார். ஒன்பதாம் பக்கத்தின் அடியில் இரண்டே வரிகள் இருந்தன: வார்டர் ஒருவர் அறைந்ததில் இடது காதிலிருந்து சீழ் வருகிறது என்றும், பத்தொன்பது நாட்களாக டாக்டரிடம் கூட்டிப்போகவில்லை என்றும். மனு ஆதாரமற்றது என்று ஒரே பத்தியில் தள்ளுபடி ஆயிற்று. நான் அவரைப் பார்க்கப் போனபோது, அவர் காதில் பழுப்பேறிய பஞ்சை அடைத்துக்கொண்டு, நான் பேசுவது கேட்பதற்காகத் தலையைத் திருப்பி வலது காதைக் காட்டியபடி உட்கார்ந்திருந்தார்.

அந்தக் காதைப் பற்றி மட்டும் ஒன்றரைப் பக்கத்தில் மீண்டும் எழுதி, இலவசச் சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர் வழியாகக் கொடுத்தோம். அதன் பிறகே மருத்துவமனைக்கு அனுப்ப உத்தரவு வந்தது. முதல் மனுவிலும் அந்த உண்மை இருக்கத்தான் செய்தது. படிப்பவர் கண்ணில் படாத இடத்தில் இருந்தது, அவ்வளவுதான். கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி, வாளையாறு, கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் பகுதிகளிலிருந்து இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களும், உள்ளே இருப்பவருக்காக வெளியிலிருந்து அலையும் குடும்பத்தாரும், மனு எழுத உட்காரும்முன் அறிந்துகொள்ள வேண்டியவற்றைச் செய்யும் வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன்.

வீண் வழக்கு எது, தோற்கும் வழக்கு எது

இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. விசாகப்பட்டினம் மத்திய சிறையின் மதில்மேல் மின்சாரக் கம்பி போட்டதை எதிர்த்துச் சிறைவாசிகள் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்ற புவன் மோகன் பட்நாயக் வழக்கில் (1974) மனுதாரர்கள் தோற்றார்கள். ஆயினும், தண்டனை பெற்றவர் என்ற ஒரே காரணத்தால் ஒருவருடைய அடிப்படை உரிமைகள் அனைத்தும் போய்விடுவதில்லை என்று அதே தீர்ப்பு சொன்னது. இன்றும் சிறைவாசிகளுக்கான வாதங்களில் அந்த வரி எடுத்துக்காட்டப்படுகிறது. தோற்றாலும் அது வீண் வழக்கு அல்ல, ஏனென்றால் அதில் நீதிமன்றம் உட்கார்ந்து யோசித்துப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. சட்டத்திலோ உண்மை நிகழ்ச்சியிலோ ஊன்றி நிற்க ஓர் இடமும் இல்லாத மனுவைத்தான் வீண் மனு என்கிறோம்.

இந்த வேறுபாட்டை நம் பாலக்காட்டு மண்ணில் பிறந்த ஒரு நீதிபதியின் இரண்டு தீர்ப்புகளைக் கொண்டு புதியவர்களுக்கு விளக்குவது என் வழக்கம். வி.ஆர். கிருஷ்ணய்யர் 1948இல் தாமே சிறையில் இருந்தவர். 1957இல் அமைந்த கேரளத்தின் முதல் அமைச்சரவையில் சிறைத்துறையும் அவர் பொறுப்பில் இருந்தது. 1977இல், காலி செய்யும் உத்தரவிலிருந்து தப்புவதற்காக வாடகைதாரர் தரப்பு ஒன்று அடுத்தடுத்து வழக்குப் போட்டபோது, சாமர்த்தியமாக எழுதப்பட்ட மனு வழக்குமூலம், அதாவது வழக்குத் தொடர உரிய காரணம், இருப்பதுபோன்ற தோற்றத்தைத்தான் தருகிறது என்றால் அதை முதல் விசாரணையிலேயே கிள்ளியெறிய வேண்டும் என்று அரிவந்தாண்டம் வழக்கில் எழுதியவர் அவர். இரண்டே ஆண்டுகள் கழித்து, திகார் சிறையில் மரண தண்டனைக் கைதியாக இருந்த சுனில் பத்ரா, வேறொரு கைதியை வார்டர் சித்திரவதை செய்ததைப் பற்றி உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்கு எழுதிய கடிதம், முத்திரையும் வக்காலத்தும் இல்லாத வெறும் கடிதம், ஆட்கொணர்வு மனுவாக (காவலில் இருப்பவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரக் கோரும் மனுவாக) ஏற்கப்பட்டது. அதில் 1979 டிசம்பரில் தீர்ப்பு எழுதியவரும் அவரே. நேர்த்தியாகத் தட்டச்சு செய்த மனு வாசலோடு திரும்பியது. கையால் எழுதிய கடிதத்துக்குக் கதவு திறந்தது. எழுத்தின் அழகையும் தாளின் கனத்தையும் பார்த்து நீதிமன்றம் முடிவு செய்வதில்லை என்பதை இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும்போது தெளிவாகக் காணலாம்.

சிறைவாசிகளின் வீண் வழக்குகளைத் தடுப்பதற்கென்றே தனிச் சட்டம் போட்ட நாடு அமெரிக்கா. 1996 ஏப்ரல் 26 அன்று அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட அந்தச் சட்டத்தின்படி, சிறைவாசி ஒருவரின் மூன்று வழக்குகள் வீண் என்றோ, தீய நோக்கம் கொண்டவை என்றோ, சட்டப்படி நிவாரணம் கேட்க இடமில்லாதவை என்றோ தள்ளுபடி ஆகியிருந்தால், உடலுக்குக் கடும் ஆபத்து நெருங்கியிருக்கும் நிலை தவிர, அதன்பின் முழுக் கட்டணத்தையும் முன்னதாகக் கட்டாமல் கூட்டாட்சி நீதிமன்றங்களில் அவர் வழக்குப் போட முடியாது. அந்தச் சட்டம் வேண்டும் என்று வாதிட்டவர்கள், பீநட் பட்டர் வேறு வகையில் வந்துவிட்டதற்காகக் கைதி வழக்குப் போட்டார் என்ற கதையை ஊரெல்லாம் சொன்னார்கள். வழக்குக் கட்டைத் திறந்து பார்த்த ஜான் நியூமன் என்ற மேல்முறையீட்டு நீதிபதி, கைதி திருப்பிக் கொடுத்துவிட்ட பாட்டிலுக்கு அவர் கணக்கிலிருந்து இரண்டரை டாலர் பிடித்துக்கொண்டதே உண்மையான வழக்கு என்று எழுதினார். சிறைக்குள் இரண்டரை டாலர் சிறிய தொகை அல்ல. நம் நாட்டில் சிறைவாசிகளுக்கென்று மூன்று முறைக் கணக்கு எதுவும் சட்டத்தில் இல்லை. ஆனால் ஒருவருடைய மனு ஒரு முறை கேலிக்கு உள்ளாகிவிட்டால், அடுத்த மனுவைப் படிக்கும் கண் மாறிவிடுகிறது என்பதை அந்தக் கதை நமக்கும் சொல்கிறது.

முதலில், அவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று பாருங்கள்

உள்ளே இருப்பவர் விசாரணைக் கைதியா, தண்டனைக் கைதியா என்பது தெரியாமல் பேனாவைத் தொடாதீர்கள். விசாரணைக் கைதி கேட்கக்கூடியவை ஜாமீன், விரைவான விசாரணை, சிறையில் நடத்தப்படும் முறை ஆகியவை பற்றியவை. தண்டனைக் கைதி கேட்கக்கூடியவை மேல்முறையீடு, தண்டனையை நிறுத்தி வைத்தல், பரோல், சிறையில் நடத்தப்படும் முறை ஆகியவை பற்றியவை. ஜாமீன் மனுவில் 'நான் குற்றவாளி அல்ல' என்று பத்துப் பக்கம் எழுதுவதும், மேல்முறையீட்டில் வீட்டுக் கஷ்டத்தை மட்டும் எழுதுவதும் ஒரே வகைத் தவறுகள்.

அடுத்தது எந்த நீதிமன்றம் என்பது. எல்லையில் இருக்கும் நமக்கு இது பெரிய குழப்பம். வாளையாறு சோதனைச்சாவடியில் பிடிபட்டவர் கோயம்புத்தூர்க்காரராக இருக்கலாம், அவருடைய ஆதார் அட்டையும் ரேஷன் அட்டையும் தமிழ்நாட்டுடையவையாக இருக்கலாம். குற்றம் நடந்ததாகச் சொல்லப்படும் இடம் பாலக்காடு மாவட்டம் என்றால், வழக்கு அங்குள்ள நீதிமன்றத்தில் நடக்கும். மேலே செல்வது எர்ணாகுளத்தில் இருக்கும் கேரள உயர் நீதிமன்றத்துக்கு. சொந்த ஊர்ப் பாசத்தில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும், கோவை ஆட்சியர் அலுவலகத்துக்கும், தமிழக முதலமைச்சரின் தனிப்பிரிவுக்கும் குடும்பத்தார் அனுப்பும் மனுக்கள், எழுதியவை உண்மையாகவே இருந்தாலும், அதிகார வரம்பு இல்லை என்ற ஒரு வரியோடு திரும்பி வருகின்றன. அதில் வீணாகும் மாதங்களில் உண்மையான கெடு தாண்டிவிடுகிறது. எல்லைக்கு அந்தப்புறம் நடந்த ஏதாவது ஒரு நிகழ்ச்சி, அதாவது தமிழ்நாட்டு வீட்டிலிருந்தே அழைத்துச் சென்றார்கள் என்பது போன்ற ஒன்று, வழக்கோடு சேர்ந்திருந்தால் நிலைமை வேறு. அதை வழக்கறிஞர் பார்த்து முடிவு செய்யட்டும்.

காகிதங்களைச் சேர்த்தல், அவற்றின் மொழி

முதல் தகவல் அறிக்கை, ரிமாண்ட் உத்தரவு, குற்றப்பத்திரிகை, தீர்ப்பு, முன்பு கொடுத்த மனுக்கள், அவற்றின் மேல் பிறந்த உத்தரவுகள் ஆகிய அனைத்தின் நகல்களையும் முதலில் சேர்த்துவிட வேண்டும். தண்டனை விதிக்கப்பட்டவருக்குத் தீர்ப்பின் நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பதும், அவர் விண்ணப்பித்தால், நடைமுறையில் இயலுமானால் அவருடைய சொந்த மொழியிலேயே மொழிபெயர்ப்புத் தர வேண்டும் என்பதும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 404ஆம் பிரிவில் உள்ளன. தமிழில் கேளுங்கள். கேட்பவர்கள் குறைவாக இருப்பதால்தான் இப்படி ஓர் உரிமை இருப்பதே பலருக்கும் தெரிவதில்லை. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களின் அரசு அலுவலகங்களுக்கும் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் இடம் தருகிறது. ஆகவே சிறைத்துறைத் தலைமைக்குப் போகும் புகாரைத் தமிழில் எழுதத் தயங்க வேண்டியதில்லை. நீதிமன்றத்துக்குப் போவது மட்டும் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும். உயர் நீதிமன்றம் என்றால் ஆங்கிலமே.

மலையாளம் நமக்குப் புரியும் என்ற நம்பிக்கையே சில சமயம் நம்மைக் கவிழ்த்துவிடுகிறது. 'விதி' என்றால் அங்கே தீர்ப்பு. 'விதிப்பகர்ப்பு' என்றால் தீர்ப்பின் நகல். 'விதி வந்நு' என்று கேட்ட ஒரு தாய், 'எங்க விதி அப்படி' என்று அழுதுவிட்டு, மேல்முறையீட்டுக் கெடு ஓடத் தொடங்கிவிட்டது என்பதை அறியாமலேயே வீட்டுக்குப் போய்விட்டார். 'ஹர்ஜி தள்ளி' என்றால் மனு தள்ளுபடி ஆகிவிட்டது என்று பொருள். அதை 'மனுவைத் தள்ளி வைத்திருக்கிறார்கள், அடுத்த தேதி வரும்' என்று புரிந்துகொண்டு காத்திருந்தவர்கள் உண்டு. எதிர்ப்பக்கமும் நடக்கும். வேலந்தாவளத்துக்காரர் ஒருவரின் மனைவி என்னிடம் வந்து, "கேஸை மாத்தி வெச்சுட்டாங்களாமுங்க தம்பி, இனி வேற கோர்ட்டுக்கா போறது?" என்று கேட்டார். வாய்தா போட்டிருக்கிறார்கள், அதே நீதிமன்றம்தான், தேதி மட்டும் வேறு என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் கண் கலங்கிவிட்டது. ஆகவே கேட்டதை நம்பாதீர்கள். எழுத்தில் வாங்கி, மலையாளம் படிக்கத் தெரிந்தவரிடம் வரிவரியாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஒரு மனு, ஒரு குறை

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். உள்ளே இருப்பவர் எழுதிவைத்திருக்கும் தாள்களை வாங்கி, முழுவதையும் படியுங்கள், ஒரு வரியையும் விடாமல். பிறகு அவர் எதிரில் உட்கார்ந்து, "இதுல இன்னைக்கே தீர வேண்டியது எதுங்க?" என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர் சொல்வது தாளின் கடைசியில்தான் இருக்கும். கோபம் முதலில் வருகிறது, வலி பின்னால் வருகிறது, வெட்கப்பட வைக்கும் விஷயம் எல்லாவற்றுக்கும் கடைசியில் வருகிறது. அவர் எழுதிய மற்றவை பொய் என்று நாம் முடிவு கட்டக் கூடாது, அவரிடம் அப்படிச் சொல்லவும் கூடாது. அவை வேறு மனுவுக்கு உரியவை என்று சொல்லி, தனித் தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நிலத் தகராறு உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியது. வக்கீல் மேல் உள்ள குறை வழக்கறிஞர் மன்றத்துக்கு. காது இன்றைக்கு.

தேர்ந்தெடுத்த குறையை எழுதும்போது, ஒவ்வொரு வாக்கியத்திலும் நாள், நேரம், இடம், செய்தவர், பார்த்தவர் ஆகியவற்றில் எவை தெரியுமோ அவை இருக்க வேண்டும். 'தினமும் அடிக்கிறார்கள்' என்ற வாக்கியத்தை நீதிமன்றம் எதோடும் ஒத்துப் பார்க்க முடியாது. 'செவ்வாய்க்கிழமை காலை எண்ணிக்கை எடுக்கும் நேரத்தில், தண்ணீர்த் தொட்டிக்கு அருகில், வலது கையால் இடது காதில் அறைந்தார். எங்கள் அறையில் இருந்த இருவர் பார்த்தார்கள். அன்று மாலையே மருந்தாளுநரிடம் சொன்னேன்' என்று எழுதினால், சிறையின் மருத்துவப் பதிவேட்டை வரவழைத்துப் பார்க்க நீதிமன்றத்துக்கு ஒரு பிடி கிடைக்கிறது. வார்டரின் பெயர் தெரியவில்லையா, தெரியாது என்றே எழுதிவிட்டு அவர் பணியில் இருந்த நேரத்தைக் குறியுங்கள். ஊகித்து எழுதிய ஒரு பெயர் தவறு என்று தெரிந்துவிட்டால், மற்ற அத்தனை வரிகளும் அதோடு சேர்ந்து சாயும்.

கேட்பது என்ன என்பதும் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். 'சம்பந்தப்பட்ட அனைவரையும் தண்டிக்க வேண்டும், ஒரு கோடி தர வேண்டும்' என்பதற்குப் பதிலாக, 'காது மருத்துவரிடம் ஒரு வாரத்துக்குள் அனுப்ப வேண்டும், பரிசோதனை அறிக்கையை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும்' என்று கேளுங்கள். நட்ட ஈடு கேட்கும் காலம் பின்னால் வரும். அப்போது கையில் அந்த மருத்துவ அறிக்கை இருக்கும்.

நீதிமன்றம் தவறாமல் கேட்கும் ஒரு கேள்வி, 'கண்காணிப்பாளரிடம் சொன்னீர்களா?' என்பது. அதனால், உயிருக்கு அவசரம் இல்லாதபோது, முதலில் சிறைக் கண்காணிப்பாளரிடம் எழுதிக் கொடுத்து, கொடுத்த தேதியைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர் சிறைக்கு வரும் நாளும், மாவட்ட நீதிபதி பார்வையிட வரும் நாளும் புகார் சொல்ல உரிய நாட்களே. அடித்தவரிடமே போய் எப்படிப் புகார் சொல்வது என்று உள்ளே இருப்பவர் கேட்பார். அந்தக் கேள்வி நியாயமானது. அந்த நிலையில் குடும்பத்தார் வெளியிலிருந்து பதிவுத் தபாலில் கண்காணிப்பாளருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் ஒரே நாளில் அனுப்பிவிட்டு, ஒப்புகை அட்டையை மனுவோடு இணைக்கலாம். மனித உரிமை ஆணையத்துக்கும் எழுதலாம், ஆனால் நிகழ்ச்சி நடந்து ஓராண்டுக்குள் எழுத வேண்டும். அதைத் தாண்டியதை ஆணையம் விசாரிக்கச் சட்டம் இடம் தரவில்லை.

முன்பு போட்ட மனுக்களை மறைக்காதீர்கள்

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். கஞ்சா வழக்கில் உள்ளே இருந்த ஓர் இளைஞருக்காக ஜாமீன் மனுவுக்கான குறிப்புகளை வழக்கறிஞருக்கு எழுதிக் கொடுத்தபோது, இதற்கு முன் மனு போட்டீர்களா என்று அவரிடம் கேட்காமலே விட்டுவிட்டேன். அவருடைய அண்ணன் வேறொரு வக்கீலை வைத்து ஏற்கெனவே ஒரு மனுப் போட்டு, அது தள்ளுபடியும் ஆகியிருந்தது. விசாரணையின்போது அரசு வழக்கறிஞர் அந்த உத்தரவை எடுத்து நீட்டியவுடன், எங்கள் மனுவில் இருந்த நல்ல வாதங்களைப் பேசவே இடமில்லாமல் போய்விட்டது. அந்த இளைஞர் கூடுதலாக உள்ளே இருந்த வாரங்களுக்கு என் கேள்வி விடுபட்டதே காரணம்; அதனால்தான் இப்போது என் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதும் முதல் கேள்வியே அதுதான்.

ஜாமீன் மனுவில் முந்தைய மனுக்களின் விவரத்தையும், நிலுவையில் உள்ளவற்றின் விவரத்தையும் குறிப்பிட வேண்டும் என்று குஷா துருகா வழக்கில் 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அதுவும் ஒரு கஞ்சா வழக்கே. இரண்டாம் முறை ஜாமீன் கேட்பது தவறில்லை. முதல் மனுவுக்குப் பின் என்ன மாறியிருக்கிறது என்று சொல்லாமல் கேட்பதே தவறு. குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகியிருக்கலாம், முக்கியச் சாட்சிகள் விசாரிக்கப்பட்டிருக்கலாம், சிறையில் இருந்த காலம் நீண்டிருக்கலாம். மாற்றத்தை முதல் பத்தியிலேயே எழுதுங்கள். போதைப்பொருள் வழக்கில் கஞ்சா 20 கிலோவுக்கு மேல் என்றால் வணிக அளவாகி, ஜாமீன் நிபந்தனைகள் மிகக் கடுமையாகிவிடும் என்பதால், கைப்பற்றப்பட்ட எடையைப் பட்டியலில் பார்க்காமல் மனு எழுதவே கூடாது.

ஆட்கொணர்வு மனு எல்லாவற்றுக்கும் மருந்தல்ல

சுனில் பத்ராவின் கதையைக் கேட்டவர்கள், உள்ளே இருக்கும் எவரையும் ஆட்கொணர்வு மனுவால் வெளியே கொண்டுவந்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். அந்த மனு ஏற்கப்பட்டது சித்திரவதையைத் தடுப்பதற்காகவே தவிர, விடுதலை செய்வதற்காக அல்ல. நீதிமன்றத்தின் ரிமாண்ட் உத்தரவின்படி உள்ளே இருப்பவருக்கு, அந்த உத்தரவு அதிகாரமே இல்லாமலோ, அப்பட்டமாகச் சட்டத்துக்குப் புறம்பாகவோ பிறந்ததாக இருந்தாலொழிய, ஆட்கொணர்வு மனு நிலைக்காது. பீகாரில் ஒரு சிறைவாசி நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போன சௌரப் குமார் வழக்கிலும் (2014) இந்த அடிப்படையிலேயே அவருடைய மனு ஏற்கப்படவில்லை.

அப்படி வரும் பலருக்கு அதைவிட எளிய வழி ஒன்று இருக்கும். குற்றத்தின் தன்மையைப் பொறுத்து, ரிமாண்ட் ஆன நாளிலிருந்து 60 அல்லது 90 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகவில்லை என்றால் ஜாமீன் பெறுவது உரிமையாகிவிடுகிறது. வணிக அளவுப் போதைப்பொருள் வழக்கில் அந்தக் கெடு 180 நாட்கள். இதற்கு ஒரு பக்க மனு போதும், ஆனால் குற்றப்பத்திரிகை உள்ளே போகும் முன் கேட்டுவிட வேண்டும். அதேபோல், மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றம் அல்லாதபோது, அதிகபட்சத் தண்டனையின் பாதிக் காலத்தை விசாரணைக் கைதியாகவே கழித்தவரையும், முன்பு எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவராக இருந்தால் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தவரையும் விடுவிக்க பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு வழி செய்கிறது. அவருக்காக நீதிமன்றத்துக்கு எழுத வேண்டிய கடமை சிறைக் கண்காணிப்பாளருடையது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தால் இது பொருந்தாது என்பதையும் முன்னதாகவே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சிறை வழி மேல்முறையீடு

சிறையில் இருப்பவர் தம் மேல்முறையீட்டைச் சிறை அதிகாரியிடமே கொடுக்கலாம். அவர் அதை நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். இது அதே சன்ஹிதாவின் 424ஆம் பிரிவு. அடுத்த பிரிவில்தான் நமக்கு வேண்டிய எச்சரிக்கை இருக்கிறது. சிறை வழி வந்த மேல்முறையீட்டை மேல்முறையீடு செய்தவருக்குப் பேச வாய்ப்புத் தராமல் தள்ளுபடி செய்யக் கூடாது என்று சொல்லும் 425ஆம் பிரிவு, அந்த மேல்முறையீடு வீணானது என்று நீதிமன்றம் கருதினாலோ, அவரைக் கொண்டுவருவது வழக்கின் தன்மைக்கு மிஞ்சிய சிரமம் என்று கருதினாலோ அந்த வாய்ப்பும் தேவையில்லை என்கிறது. அதாவது, எழுதிய தாள் ஒன்றே அவருடைய குரலாகிவிடக்கூடிய இடம் இது. மேல்முறையீட்டுக்கான கெடு முடியும்வரை அதைச் சுருக்கமாகத் தள்ளுபடி செய்யக் கூடாது என்ற பாதுகாப்பும் அதே பிரிவில் உண்டு.

கெடு எவ்வளவு என்றால், மாஜிஸ்திரேட் தீர்ப்பிலிருந்து செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு 30 நாட்கள். உயர் நீதிமன்றத்துக்கு 60 நாட்கள், மரண தண்டனை என்றால் 30 நாட்கள். நகல் வாங்க ஆன நாட்கள் கழிக்கப்படும். தாண்டிவிட்டால், தாமதத்தைப் பொறுக்கக் கோரும் தனி மனுவை, ஒவ்வொரு வாரமும் எதனால் போயிற்று என்று சொல்லி, கூடவே வைக்க வேண்டும். மொழி புரியாததும் ஒரு காரணமே. ஆனால் 'மொழி தெரியாது' என்று மட்டும் எழுதாமல், எந்த நாளில் எந்தக் காகிதம் கைக்கு வந்தது, யார் படித்துச் சொன்னார், எப்போது புரிந்தது என்று எழுதுங்கள்.

ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: குற்றத்தை ஒப்புக்கொண்டாரா? சீக்கிரம் வீடு போய்ச் சேரலாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒப்புக்கொண்டவர்கள் எல்லைப் பகுதியில் நிறைய இருக்கிறார்கள். கீழ் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர், தண்டனையின் அளவையும் சட்டப்படியான தன்மையையும் எதிர்த்து மட்டுமே மேல்முறையீடு செய்ய முடியும். அவர் 'நான் நிரபராதி' என்று எழுதும் மேல்முறையீடு அந்தக் காரணத்தாலேயே விழும். என்ன கேட்டார்கள் என்பதே புரியாமல் தலையாட்டினார் என்றால் அது வேறு வகை வழக்கு. வழக்கறிஞரிடம் உடனே சொல்லுங்கள்.

வழக்கறிஞர், கையெழுத்து, உண்மை

காவலில் இருப்பவர் எவரும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி இலவச வழக்கறிஞருக்கு உரியவர். சிறைக்குள் இருக்கும் சட்ட உதவி மையத்திலோ, மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள ஆணைக்குழு அலுவலகத்திலோ, 15100 என்ற தொலைபேசி எண்ணிலோ கேட்கலாம். நாம் எழுதுவது குறிப்பு மட்டுமே. மனுவின் சட்டப் பகுதியை வழக்கறிஞரே எழுத வேண்டும், அவர் பார்க்காத எதையும் அனுப்பக் கூடாது.

கையெழுத்து வாங்கும் முன் முழு மனுவையும் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். ஆங்கிலத்தில் இருப்பதைச் சுருக்கிச் சொல்லி வாங்கும் கையெழுத்து அவருக்கே வினையாகும். உறுதிமொழிப் பத்திரத்தில் தெரிந்தே பொய் சொன்னால், நீதிமன்றம் சன்ஹிதாவின் 379ஆம் பிரிவின்படி விசாரித்து, பொய்ச் சாட்சிக்கான வழக்குத் தொடர முடியும். ஏற்கெனவே உள்ளே இருப்பவருக்கு அது இன்னொரு வழக்கு. 'நான் பார்த்தது', 'பிறர் சொல்லக் கேட்டது', 'நான் நினைப்பது' என்று மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து எழுதினால் இந்த ஆபத்தில் பெரும்பகுதி நீங்கிவிடும்.

தள்ளுபடி ஆகிவிட்டால்

உத்தரவின் நகலை அன்றே விண்ணப்பித்து வாங்கி, எந்தச் சொல்லால் தள்ளுபடி செய்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அதிகார வரம்பு இல்லை என்பதா, காலம் கடந்தது என்பதா, குறையில் சாரம் இல்லை என்பதா, மனுதாரர் திரும்பப் பெற்றுக்கொண்டார் என்பதா என்பதைப் பொறுத்தே அடுத்த வேலை அமையும். மீண்டும் மனு செய்யும் உரிமையோடு திரும்பப் பெற அனுமதி என்று இருந்தால் கதவு திறந்தே இருக்கிறது. சிறை வழி அனுப்பிய மேல்முறையீடு சுருக்கமாகத் தள்ளுபடி ஆகி, அதே நபருக்காக வழக்கறிஞர் முறைப்படி தாக்கல் செய்த மேல்முறையீடு கவனிக்கப்படாமல் கிடந்தது என்றால், நீதியின் பொருட்டு அதைக் கேட்க நீதிமன்றத்துக்கு 425ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு அதிகாரம் தருகிறது. உள்ளேயிருந்து ஒரு மனுவும் வெளியிலிருந்து ஒரு மனுவும் ஒன்றுக்கொன்று தெரியாமல் போவது நம் பகுதியில் அடிக்கடி நடப்பதால், இந்த உட்பிரிவு எண்ணை நோட்டின் அட்டையிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

காரணம் சொல்லாமல் தள்ளுபடி செய்திருந்தாலும் அதைக் கவனியுங்கள். செஷன்ஸ் நீதிமன்றம் மேல்முறையீட்டைச் சுருக்கமாகத் தள்ளுபடி செய்யும்போது காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். பிறகு உத்தரவை எடுத்துக்கொண்டு அடுத்த பார்வை நாளில் சிறைக்குப் போய், உள்ளே இருப்பவருக்கு அதை முழுவதும் தமிழில் படித்துக் காட்டுங்கள். மனுவில் இடம் பெறாமல் தனித் தாளில் குறித்து வைத்த மற்றக் குறைகளையும் கையோடு கொண்டுபோங்கள். அந்த லாரி ஓட்டுநரின் தாளில் ஏழாம் பக்கத்து வரி ஒன்று இன்னும் பாக்கி இருந்தது: கைதான அன்று பிடித்து வைத்த லாரியின் சாவியும் பதிவுச் சான்றும் எங்கே இருக்கின்றன என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அடுத்த மனுவை அதைப் பற்றி எழுதினோம்.